ரூபீனாவுக்காக இறந்தவன்

இஸ்ரேலின் நெதான்யாவில் விட்டோரியோ ஜன்சூரிக்கு மனைவி வீட்டார் வைத்த பெயர் கத்தரிக்கோல். கண்ணாடிக் கடை நடத்திய காலத்தில் அவர் சாதுவான மனிதர். யார் கண்ணுக்கு என்ன குறை என்பதைத் தவிர வேறெதற்கும் அதிகம் வாய் திறக்க மாட்டார். கடையை விற்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் இந்த இணையக் கலைக்களஞ்சிய வேலையில் இறங்கினார். சம்பளம் கிடையாது, முதலாளி கிடையாது, யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். விட்டோ அங்கே எழுதியது குறைவு, வெட்டியதுதான் அதிகம். லிபியாவிலிருந்து வந்த யூதர்களைப் பற்றிய பக்கங்களையெல்லாம் தன் பொறுப்பாக்கிக்கொண்டார். 'திரிபோலியில் முதன்முதலில் மோட்டார் வண்டி ஓட்டியவர் எங்கள் தாத்தா' என்று யாராவது எழுதிவிட்டுப் போவார்கள். மறுநாள் காபி ஆறுவதற்குள் விட்டோ அதை நீக்கிவிடுவார். காரணம் என்று ஒரே வரி போடுவார்: 'குடும்பக் கதை. ஆதாரம் இல்லை.'

அவர் பிறந்த வீட்டில் கதையே இருந்ததில்லை. அப்பாவும் அம்மாவும் திரிபோலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே போய்ச் சேர்ந்தார்கள். அங்கே தெரு எப்படி இருந்தது, பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள், எதுவும் விட்டோவுக்குத் தெரியாது. அதனால் மற்றவர்கள் வாய் வலிக்கப் பேசும்போது அவருக்கு நம்பிக்கை வராது. பொறாமையும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

ரூபீனாவின் வீடு அதற்கு நேர்மாறு. அங்கே எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். வசந்தம் பிறக்கும்போது வறுத்த பார்லி மாவில் எண்ணெய் விட்டுப் பிசைகிற மாலையில், முழுக் குடும்பமும் மேசையைச் சுற்றி நிற்கையில், ரூபீனாவின் அம்மா துர்கியா தன் தம்பி கலாஃபோவின் கதையைச் சொல்வாள். திரிபோலித் துறைமுகத்தில், இஸ்ரேலுக்குப் போகும் கப்பல் கரையிலிருந்து தள்ளி நின்றது. சின்னப் படகுகளில் ஆட்களை ஏற்றிப் போனார்கள். துர்கியாவின் கையில் கைக்குழந்தை ரூபீனா. அலை தூக்கிப் போட்டதில் குழந்தை கை நழுவிக் கடலில் விழுந்தது. பத்தொன்பது வயசுக் கலாஃபோ சட்டையைக்கூடக் கழற்றாமல் குதித்தான். குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கிப் படகில் கொடுத்தான். அடுத்த அலையில் படகு அவனைக் கப்பலோடு வைத்து நசுக்கிவிட்டது. சொல்லி முடித்ததும் துர்கியா முந்தி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்ப்பாள். மேசையில் இருக்கிற எல்லோரும் ரூபீனாவைப் பார்ப்பார்கள்.

அந்தப் பார்வையிலேயே அவள் வளர்ந்தாள். தாதிப் படிப்புக்குப் போக ஆசைப்பட்டபோது அம்மா, "உனக்காக ஒருத்தன் உயிரையே குடுத்தான். நீ தம்பிகளுக்காக நாலு காசு சம்பாதிக்க மாட்டியா?" என்று கேட்டாள். ரூபீனா ஆரஞ்சுப்பழம் கட்டும் கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். பிரசவ வலியில் அவள் கத்தவில்லை என்று மருத்துவச்சி ஆச்சரியப்பட்டாள். தட்டில் கடைசித் துண்டு எப்போதும் மற்றவர்களுக்குத்தான். யாராவது வரிசையில் முந்தினால் விட்டுக்கொடுத்துவிடுவாள். விட்டோ கல்யாணம் ஆன புதிதில், இவள் ரொம்பப் பொறுமைசாலி என்று நினைத்துக்கொண்டார். பிறகு அதை நினைப்பதையே விட்டுவிட்டார்.

எழுபது வயதை நெருங்கியபோது ஒரு நாள் ரூபீனா அவருடைய கணினியில் உட்கார்ந்தாள். அவர் பல் வைத்தியரிடம் போயிருந்த நேரம். அவர் செய்வதை எத்தனையோ முறை பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள். ஒற்றை விரலால் தட்டித் தட்டி, திரிபோலியிலிருந்து வந்த கப்பல்களைப் பற்றிய பக்கத்தில் இரண்டு வரி சேர்த்தாள். 'கடலில் விழுந்த ஒரு குழந்தையைக் காப்பாற்றக் குதித்து, கலாஃபோ என்ற இளைஞர் உயிர் விட்டார். அந்தக் குழந்தை இன்றும் நெதான்யாவில் வாழ்கிறது.'

மறுநாள் மதியம் மீன் குழம்பைப் பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

"இன்னிக்கு எத்தனை பேரை வெட்டினே?"

"ரெண்டு மூணு பேரை. ஒருத்தன் உங்க வீட்டுக் கதையையே கொண்டாந்து போட்டிருந்தான். உன் தம்பி சூஷானோட பையன் வேலையா இருக்கும்."

"ஒருத்தன் இல்ல, ஒருத்தி."

விட்டோ ரொட்டியைக் கீழே வைத்தார். "நீயா?"

"அந்தக் குழந்தை நான்தானே விட்டோ. நான் எழுதக் கூடாதா?"

"நீ எழுதவே கூடாது. சொந்தக்காரங்க எழுதினா அதுக்கு மதிப்பே கிடையாது. எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்."

"இதோ முழுசா உன் முன்னால உக்காந்திருக்கேன். நான் ஆதாரம் இல்லையா?"

"அப்ப உனக்கு ஒரு வயசுகூட ஆகல. உனக்கென்ன ஞாபகம் இருக்கு? உங்கம்மா சொன்னதைத்தான் நீயும் சொல்றே. அந்தக் காலத்துப் பேப்பர்ல வந்திருக்கா, ஒரு புத்தகத்துல இருக்கா, கொண்டா. என் கையாலயே திரும்பப் போடுறேன்."

ரூபீனா அவர் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள். "என்னையே அழிச்சுட்டியே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு, "காரம் போதுமா?" என்று கேட்டாள். போதும் என்றார். அவரைப் பொறுத்தவரை பேச்சு அங்கே முடிந்துவிட்டது.

அந்தக் கோடையில் ரூபீனா செவ்வாய்க்கிழமைகளில் வெளியே போகத் தொடங்கினாள். முழங்கால் வலிக்குப் பயிற்சி என்று சொன்னாள். விட்டோ ஏன், எங்கே என்று கேட்கவில்லை. ஆனால் அவளிடம் வந்த மாற்றம் அவருக்கே தெரிந்தது. சிவப்பு மேல்கோட்டு ஒன்று வாங்கி வந்தாள். நாற்பது ஆண்டுகளில் அவள் தனக்காகச் சிவப்பில் எதுவும் வாங்கியதில்லை. பேருந்தில் ஒரு வாலிபன் முந்தி ஏறியபோது சட்டையைப் பிடித்து இறக்கிவிட்டாளாம். இலையுதிர் காலத்தில் வரும் புத்தாண்டு விருந்துக்கு எல்லோரையும் வழக்கம்போல உன் வீட்டுக்கே கூப்பிடட்டுமா என்று சூஷான் கேட்டபோது, "இந்தத் தடவை உன் பொண்டாட்டி செய்யட்டும்டா, எனக்குக் கை வலிக்குது" என்றாள். சூஷான் திகைத்துப்போய் விட்டோவைப் பார்த்தான். அந்தப் பயிற்சி ஒத்துக்கொண்டுவிட்டது என்று விட்டோ சந்தோஷப்பட்டார்.

அந்தப் பனிக்காலத்தில் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அவள் விழுந்தாள். மேல்வீட்டுக்காரி கத்தியது கேட்டு விட்டோ ஏறிப் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இதயம் என்றார்கள்.

துக்கம் காக்கும் ஏழு நாளும் வீடு நிறைய ஆட்கள். வழக்கப்படி முகம் பார்க்கும் கண்ணாடிகளைத் துணியால் மூடியிருந்தார்கள். தாழ்ந்த நாற்காலியில் விட்டோ முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சூஷான் வருகிறவர்களிடமெல்லாம் கலாஃபோவின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். "கடல் அன்னிக்கே அவளைக் கேட்டுச்சு. மாமாதான் குடுக்கல" என்று அழுதான். விட்டோவுக்கு அதைக் கேட்கப் பொறுக்கவில்லை. சமையலறைக்குள் போய் நின்றார். அங்கே ரூபீனாவின் கைபேசி அடித்தது.

"என்னடி, மீன் எங்கே?" என்றது ஒரு கிழட்டுக் குரல். "இங்க எனக்கு வேகவச்ச காயைப் போட்டுட்டாங்க. பசியில கண்ணைக் கட்டுது. பஸ் வரலியா?"

"யார் பேசறது?"

"நீ யாரு?"

"நான் ரூபீனாவோட வீட்டுக்காரர்."

"அட, கத்தரிக்கோலா! அவகிட்ட குடு போனை."

அந்த வாரம் எத்தனையோ பேரிடம் அதைச் சொல்லியிருந்தார். இந்தக் குரலிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. "ரூபீனா போயிட்டாம்மா. ஞாயித்துக்கிழமை அடக்கம் பண்ணினோம்."

மறுமுனையில் தொலைக்காட்சி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தக் கிழவி, "நான் இங்க கல்லு மாதிரி இருக்கேன். அவளா போனா?" என்றாள். "துக்கம் முடிஞ்சதும் என்னை வந்து பாரு. தனியா வா. அந்தத் தம்பிக்காரனைக் கூட்டிட்டு வந்துடாதே" என்று முதியோர் இல்லத்தின் பெயரைச் சொன்னாள்.

அவள் பெயர் ஜூலிகா புவாரோன். எண்பத்தாறு வயது. சன்னலோரம் சக்கர நாற்காலியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விட்டோ மீன் கொண்டுபோயிருந்தார், கடையில் வாங்கியது. அவள் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள்.

"அவ நம்ம லிபியாக்காரங்க பாரம்பரியச் சங்கத்துல போய் விசாரிச்சிருக்கா. கப்பல் கிளம்பின காலத்துல துறைமுகத்துப் பக்கம் வேலை செஞ்ச யாராவது உயிரோட இருக்காங்களான்னு. என்னைக் காட்டி விட்டிருக்காங்க. கப்பல்ல ஏத்தறதுக்கு முன்னால வைத்தியப் பரிசோதனை பண்ணுவாங்களே, அந்த முகாம்ல நான் துணி வெளுக்கிற பொண்ணு."

"அங்க இருந்து கடல் தெரியுமா, அத்தை? குழந்தை விழுந்ததைப் பார்த்தீங்களா?"

"எந்தக் குழந்தை? யாரும் விழல." ஜூலிகா அவர் முகத்தையே பார்த்தாள். "அவளும் இதையேதான் கேட்டா. கலாஃபோ கப்பல் பக்கமே போகல மகனே. அவனுக்கு நெஞ்சுல சளி, ரத்தம் ரத்தமா வரும். டாக்டர் தடுத்துட்டார். நோய் உள்ளவங்களை ஏத்த மாட்டாங்க. அக்காவுக்கும் அவ புருஷனுக்கும் குழந்தைக்கும் அனுமதி கிடைச்சுடுச்சு, இவனுக்கு இல்ல. கப்பல் யாருக்காகக் காத்திருக்கும்? அடுத்த கப்பல் வருமான்னும் யாருக்கும் தெரியாது."

விட்டோ நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"போன்னு அவன்தான் சொன்னான். அதுக்காக அந்தப் பொண்ணு துர்கியாவைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா கப்பல் ஊதினதும் எந்திரிச்சு சன்னலண்டை போய் நின்னான். நிக்கக்கூடத் தெம்பில்லாதவன். அன்னிக்கு முழுக்கச் சாப்பிடல. அதுக்கப்புறம் தினமும் என்னைக் கேப்பான், அக்காகிட்டேருந்து ஏதாவது சேதி வந்துச்சான்னு. அவ எழுதப் படிக்கத் தெரியாதவ, எங்கேருந்து வரும்? பஸ்காவுக்குப் புளிக்காத ரொட்டி சுட ஆரம்பிச்சிருந்தோம். பண்டிகைக்கு முந்தின வாரம் போயிட்டான். பக்கத்துல யாரும் இல்ல. நான் காலையில துணி எடுக்கப் போனப்போதான் பார்த்தேன்."

விட்டோ, "ரூபீனா என்ன சொன்னா?" என்று கேட்டார்.

"முதல்ல அழல. 'அப்ப நான் தண்ணியில விழவே இல்லையா?'ன்னா. விழலடி, துணிக்குள்ள கொழுகொழுன்னு தூங்கிட்டிருந்தே, உன்னைத் தூக்கினதுல என் கைதான் ஓஞ்சுபோச்சுன்னேன். சிரிச்சா. சிரிச்சுச் சிரிச்சு அப்புறந்தான் அழுதா. யாருக்காக அழுதான்னு நான் கேக்கல. 'எனக்காக யாரும் சாகலியே அத்தை'ன்னு திரும்பத் திரும்பச் சொன்னா. எழுபது வருஷமா அவன் வாழ்க்கையையும் சேத்து வாழ்ந்தாளாம். இப்பத்தான் தன் வாழ்க்கையைத் தொடங்குறாளாம். நல்ல வயசு பாரு தொடங்குறதுக்கு!"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ சொன்னது சரின்னு தெரிஞ்சா உன்னோட ஒரே வீட்டுல இருக்க முடியாதாம்." கிழவி லேசாகச் சிரித்தாள். பிறகு அவள் முகம் மாறியது. "சொல்லத்தான் இருந்தா. பஸ்கா வரட்டும், மாமா செத்த தேதிக்கு விட்டோகிட்ட சொல்லி ரெண்டு பேரும் விளக்கேத்துறோம்னா. தம்பிகளுக்கு மட்டும் தெரிய வேணாம்னா. 'அம்மா தன் தம்பியை விட்டுட்டு வந்தான்னு தெரிஞ்சா அவங்க தாங்க மாட்டாங்க'ன்னா."

விட்டோ பேருந்தில் ஏறாமல் வீடு வரை நடந்தே போனார். தான் சொன்னது சரியாகிவிட்டது என்பது வழியெல்லாம் அவரை அறுத்தது. அவள் ஒரு பேப்பரைக் கொண்டுவந்து மேசையில் போட்டு, 'இந்தா, படி, போடு திரும்ப' என்று அதட்டியிருக்கக் கூடாதா! அதைவிட, அன்றைக்கு மீன் குழம்பு ஆறினாலும் பரவாயில்லை என்று, 'அந்தக் கதை உனக்கு எப்படி இருந்துச்சு ரூபீனா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை. பொய்யா நிஜமா என்று மட்டும்தான் பார்த்தார்.

ஆனாலும் அவர் விட்டோதான். கிழவி சொன்னதையும் சரிபார்க்காமல் அவரால் இருக்க முடியவில்லை. கப்பல் ஹைஃபா துறைமுகத்துக்கு வந்த வாரத்துச் செய்தித்தாள்களை நூலகத்தில் புரட்டினார். கப்பல் வந்து சேர்ந்தது, இத்தனை பேர் இறங்கினார்கள், பாட்டுப் பாடினார்கள் என்று இருந்தது. கடலில் ஓர் ஆள் நசுங்கிச் செத்திருந்தால் ஒரு வரியாவது வந்திருக்கும். வரவில்லை. முகாமில் செத்தவர்களைப் பற்றியும் எங்கும் எதுவும் கிடைக்கவில்லை. திரிபோலியில் இருந்த கல்லறைத் தோட்டத்தின் மேல் இப்போது சாலையும் கட்டடங்களும் நிற்கின்றன. கலாஃபோ என்ற ஒருவன் அங்கே செத்ததற்கு ஜூலிகாவின் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை.

கலைக்களஞ்சியத்தில் தொகுப்பாளர்கள் பேசிக்கொள்ளும் உரையாடல் பக்கத்தில் அவர் எழுதினார். நோயால் கப்பலில் ஏற்றப்படாமல் முகாமில் விடப்பட்டு இறந்தவர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லை, அங்கே வேலை செய்த ஓர் அம்மாள் நேரில் சொல்கிறார், ஒரு பெயரையாவது சேர்க்கலாமா என்று கேட்டார். அவர் முகம் பார்த்தறியாத ஓர் இளம் தொகுப்பாளர் மரியாதையாகப் பதில் போட்டார். தனி மனிதர் வாய்மொழியாகச் சொன்னதை ஏற்க இயலாது, அச்சில் வந்த, சார்பில்லாத, நம்பத்தகுந்த ஆதாரம் வேண்டும். கூடவே வழிகாட்டிப் பக்கத்துக்கு இணைப்பும் கொடுத்திருந்தார். அந்தப் பக்கத்தை எழுதியதே விட்டோதான். அந்த வரிகளைப் படித்துப் பார்த்தார். ஒரு வார்த்தையையும் மாற்றத் தோன்றவில்லை. 'சரி, நன்றி' என்று பதில் எழுதிவிட்டுக் கணினியை மூடினார்.

முப்பதாம் நாள் எல்லோரும் கல்லறைக்குப் போனார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. ஜெபம் முடிந்ததும் சூஷான் பேரப்பிள்ளைகளை முன்னால் நிறுத்தி ஆரம்பித்தான். படகு, அலை, கை நழுவிய குழந்தை. மாமா சட்டையைக்கூடக் கழற்றவில்லை என்ற இடம் வந்ததும் நிறுத்தி, விட்டோவைப் பார்த்தான்.

"மச்சான், இன்னிக்கு ஒரு நாளாவது ஆதாரம் கேக்காதீங்க."

இரண்டு மூன்று பேர் மெல்லச் சிரித்தார்கள். சிரித்துவிட்டு விட்டோவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். ரூபீனா இந்தக் கதையிலிருந்து தப்பித்து வெளியே வந்தவள். அவள் தலைமாட்டிலேயே நின்று அவளை மறுபடியும் தண்ணீரில் தள்ளுகிறார்கள். சொல்லிவிடலாமா என்று அவர் ஓர் அடி முன்னால் வைத்தார். சூஷானின் கண்களில் தண்ணீர் நின்றது. அவனுக்கும் அறுபத்தைந்து வயதாகிறது, அம்மா செத்து எத்தனையோ காலமாகிறது, இன்னும் அம்மா பிள்ளைதான்.

"கேக்கல சூஷான்," என்றார். "நீ சொல்லு."

பிறகு செவ்வாய்க்கிழமைகளில் அவர் ஜூலிகாவைப் பார்க்கப் போகத் தொடங்கினார். மீனைத் தானே சமைத்துக் கொண்டுபோனார். பூண்டு கருகிவிட்டது, உப்பு இல்லை என்று அவள் திட்டுவாள், திட்டிக்கொண்டே பாதியைச் சாப்பிடுவாள். ரூபீனா இந்த அறையில் உட்கார்ந்து என்னென்ன பேசினாள் என்பதைத் துருவித் துருவிக் கேட்பார். அந்தச் சில மாதத்து ரூபீனாவை இந்தக் கிழவிக்குத்தான் தெரியும். அம்மாவை வாய் நிறையத் திட்டிவிட்டு, உடனே அவளுக்காக அழுதாளாம். தாதிப் படிப்பு படித்திருந்தால் இங்கேயே வேலை பார்த்து உன் கையாலாகாத தாதிகளை ஒரு வழி பண்ணியிருப்பேன் என்றாளாம்.

வசந்தம் வந்தபோது ஜூலிகாவுக்கு நினைவு தடுமாறத் தொடங்கியது. ஒரு செவ்வாயன்று விட்டோ போய் உட்கார்ந்ததும், "நீ யாரு, மருந்து குடுக்கறவனா?" என்றாள்.

"விட்டோ, அத்தை. ரூபீனாவோட வீட்டுக்காரர்."

"ரூபீனா மீன் நல்லா செய்வா. அவளை வரச்சொல்லு."

"அத்தை, கலாஃபோவைப் பத்திச் சொன்னீங்களே, முகாம்ல இருந்த பையன்..."

"கலாஃபோவா? எந்தக் கலாஃபோ?" அவள் யோசித்துப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் வரவில்லை. "எங்க தெருவுல நாலு கலாஃபோ இருந்தாங்க."

விட்டோ அவளுக்கு முள் எடுத்து மீனைக் கொடுத்தார். இனி அந்தப் பையனைப் பற்றி அறிந்தவர் உலகத்தில் தான் ஒருவர்தான் என்பது அவருக்குப் புரிந்தது.

பஸ்காவுக்கு முந்தின வாரம் அவர் பக்கத்துத் தெரு ஜெப ஆலயத்துக்குப் போனார். காலை ஜெபம் முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். நிர்வாகி ஹம்மூஸ், ஜெபப் புத்தகங்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். இறந்த ஒருவருக்காக நினைவு ஜெபம் சொல்ல வேண்டும் என்று விட்டோ கேட்டார்.

"உங்க வீட்டம்மாவுக்குத்தானே? வருஷம் திரும்ப இன்னும் நாள் இருக்கே."

"அவளுக்கு இல்ல. அவளோட தாய்மாமனுக்கு. பேரு கலாஃபோ."

"கடல்ல குதிச்சாரே, அவரா?" ஹம்மூஸ் திரும்பினார். அந்தக் கதை அவருக்கும் தெரிந்திருந்தது. "அது இலையுதிர் காலத்துலன்னு சூஷான் சொல்லுவானே. வருஷா வருஷம் அப்பதானே விளக்கேத்த வருவான்?"

விட்டோ ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே கலைந்துகொண்டிருந்தவர்களில் சூஷான் இல்லை.

"இல்ல ஹம்மூஸ். நோயில போனார். இந்த வாரத்துல. பக்கத்துல யாரும் இல்ல."

ஹம்மூஸ், யார் சொன்னது என்று கேட்கவில்லை. கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு, வாசலுக்குப் போய், கிளம்பிக்கொண்டிருந்த ஆட்களைக் கூப்பிட்டு நிறுத்தினார்; அந்த ஜெபத்துக்குப் பத்துப் பேர் வேண்டும். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே திரும்பி வந்தார்கள்.

"ஜெபத்துல சொல்ல, தகப்பன் பேரு?"

விட்டோவுக்கு அது தெரியவில்லை. துர்கியாவின் அப்பா பெயரை அவர் ஒருபோதும் கேட்டதில்லை, ரூபீனாவும் சொன்னதில்லை. ஜூலிகாவிடம் இனிக் கேட்க முடியாது. சூஷானைக் கேட்டால் எதற்கு என்பான்.

"தெரியல," என்றார். "துர்கியாவோட தம்பின்னு சொல்லுங்க."

ஹம்மூஸ் அப்படியே சொல்லி ஜெபத்தைத் தொடங்கினார். விட்டோ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரூபீனாவின் அடக்கத்தன்று வராத அழுகை அப்போது வந்தது.